ஓடி வருபவரின் கைக்கு

எதிர்வீட்டுத் தொலைபேசிக்குத்தான் செய்தி வந்தது. நான் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு விசிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கே ஓடி வந்து, "டீச்சர், உங்க நாத்தனாருக்கு நெஞ்சு வலியாம், உடனே போங்க" என்றாள். அடுப்பை அணைத்தேனா என்பது இன்றுவரை நினைவில் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டி கௌதமி அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். வழியில் பார்த்தவர்கள் என்ன, ஏது என்று கேட்கவில்லை. அவர்களும் கூடவே ஓடி வந்தார்கள். எங்கள் ஊரின் வழக்கம் அது. நிலத்துக்கடியில் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரம் குலுங்கினால் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடிப் பழகியவர்கள் நாங்கள். தங்கச் சுரங்கத்தை இந்த வருஷம் மூடிவிட்டார்கள், ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அக்காவோடு சேர்ந்து கார் ஓட்டிய நம் கிளப் நண்பர்களுக்கும், அவருடைய கேள்விகளில் மாட்டிக்கொண்டு முழித்த மற்ற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

அவர் என் கணவர் பாபுவின் அக்கா. வாரம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய கார் ஒன்றை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போய்விடுவார். பிழைப்புக்காக ஓட்டியவர் இல்லை, ஆசைக்காக ஓட்டியவர். கோப்பை பெரும்பாலும் வேறு யாருக்காவது போகும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்து வழியும் நேரமும் சொல்வது என் வேலை. கணக்கு டீச்சர் என்பதால் கிடைத்த பதவி. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே காரில் சண்டையில்லாமல் போய் வருவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும் என்று பாபு கேலி செய்வார்.

அக்காவால் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால், சாம்பாரில் உப்பு கூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுச் சமையல்காரரின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். பந்தியில் இலை போட்ட பிறகு நாங்கள் அவரைத் தேடிக்கொண்டிருப்போம். "தெரியலன்னா கேளு. கேட்டும் தெரியலன்னா செஞ்சு பாரு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். செய்து பார்ப்பதில்தான் மற்றவர்களுக்கு ஆபத்து.

ஒரு வருஷம், காரில் தீயணைப்பான் இல்லாமல் பந்தயத்துக்கு விடமாட்டோம் என்று வண்டியைப் பரிசோதிப்பவர் சொல்லிவிட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வேறொரு ஊர்ப் பந்தயத்தில் ஒரு கார் பற்றி எரிந்ததை பாபு நேரில் பார்த்திருந்தார். ஓட்டியவர் தப்பித்தார். ஆனால் பாபுவுக்கு அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. அக்காவிடம் நேராகவே சொன்னார்: "நீ எப்படியோ போ. மீனாவ மட்டும் ஏத்தாத. ஊட்ல கொழந்த கீது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த சீட்டில் உட்காரும்போது மட்டும்தான் நான் டீச்சரும் இல்லை, மருமகளும் இல்லை. அதை விட மனசே வரவில்லை. அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அவன் கேக்கறது நல்ல கேள்விடி. பதில் இல்லாம உன்ன ஏத்தமாட்டேன்" என்றார்.

மறுநாளே பங்காருபேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கைக்கடக்கமான ஒரு சிவப்பு உருளையை எடுத்து வைத்து, "இது சீட்டுக்கு அடியிலயே நிக்கும்மா, இருக்கிறதே தெரியாது" என்றார்.

"இருக்கிறதே தெரியலன்னா, ஓடி வர்றவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"எவங்க ஓடி வர்றவங்க? காரு உங்களுது. நீங்கதானே அணைக்கணும்?"

அக்கா உருளையை அவரிடமே தள்ளி வைத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். பிறகு, "மீனா, காரு எரியுதுன்னு வச்சிக்கோ. நாம பெல்ட்ல கட்டிகினு கீறோம். ஒருத்தி மாட்டிகினா இன்னொருத்தி அவள இழுத்துகினு இருப்பா. அப்ப அணைக்கறது யாரு?" என்றார். அவரே பதிலும் சொன்னார்: "நம்ம ஊரு ஜனம்தான். பாத்தவங்க ஓடி வருவாங்க. அவங்க கைக்குத்தான் வாங்கணும், நம்ம கைக்கு இல்ல."

அதன் பிறகு நடந்ததை சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தொழிற்சாலையில் மறுபடி நிரப்பும் தேதி வந்துவிட்டதால் ஒதுக்கி வைத்திருந்த தீயணைப்பான்களில் வகைக்கொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார் அக்கா. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டுக்கு அடியில் இருக்கும் பொட்டல் வெளியில் ஒரு தகர மூடியில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். வடை விற்கும் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, குட்டையான பவுடர் உருளையைக் கையில் கொடுத்து, ஒன்றுமே சொல்லித் தராமல், "அணைங்க" என்றார்.

கன்னியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நங்கென்று தரையில் குத்தினார்.

எல்லோரும் சிரித்தோம், அக்காவைத் தவிர. அடுத்து வந்த பெண்ணும் அதையே செய்தாள். கடைசியில், நாங்கள் சிரிப்பதைப் பொறுக்காமல் "இங்க கொடுங்க" என்று வாங்கிய பாபுவும், டிப்ளமா படித்தவர், பாதி கவிழ்த்துவிட்டுத்தான் நின்றார். காரணம் எங்களுக்கெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. சுரங்க ஆபீஸ், சினிமாக் கொட்டகை, கிளப் ஹால் என்று எங்கள் ஊர்ச் சுவர்களில் எல்லாம் கூம்பு மாதிரி பழைய தீயணைப்பான்கள் தொங்கும். அவற்றைக் கவிழ்த்துக் குமிழைத் தரையில் குத்தினால்தான் தண்ணீர் பீய்ச்சும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். புதுப் பவுடர் உருளையைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் புஸ்ஸென்று போகும், பவுடர் அப்படியே தங்கிவிடும். வேறு ஊராக இருந்தால் ஒன்றும் தெரியாமல் முழித்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் தப்பாகச் செய்தோம்.

பழைய கூம்பையே காரில் வைத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் அடித்தால் தீ மிதந்துகொண்டு பரவும் என்று பாபு சொன்னார். அக்கா நம்பினார், ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூர நின்று வீசிப் பார்த்தார். கன்னியம்மாவின் வடைக்கூடை மயிரிழையில் தப்பியது. கரியமில வாயு உருளை போட்ட சத்தத்தில் பெண்கள் சிதறி ஓடினார்கள். பொட்டல் வெளிக் காற்று அந்த வாயுவை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மூடிய காருக்குள் அடித்தாலோ எங்களுக்கே மூச்சு முட்டும். நுரை நன்றாக அணைத்தது, ஆனால் அவ்வளவு பெரிய உருளையைக் காரில் ஏற்றினால் என்னை இறக்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக மிஞ்சியது, குட்டையானதைவிடக் கொஞ்சம் பெரிய, ரப்பர் குழாய் வைத்த பவுடர் உருளை. அதைக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். கன்னியம்மா ஒரு கையால் உருளையைத் தூக்கினார், இன்னொரு கை தானாகவே குழாயைப் பிடித்தது. இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டதால் கவிழ்க்கக் கை இல்லை. அக்கா பிடியைப் பூட்டியிருந்த ஊசியை இழுத்து அழுத்தச் சொன்னதும், வாசல் தெளிப்பது போலத் தாழ்வாக வீசி அடித்தார். தீ அணைந்துவிட்டது. அக்கா குழந்தை மாதிரி கை தட்டினார். "பாத்தியா? கொழா இருந்தா கை கொழாய்க்குத்தான் போவுது!"

அதையே வாங்கினோம். ஊசியில் சிவப்புப் புடவைத் துணி ஒன்றைக் கட்டினார். வெளியிலிருந்து கண்ணில் படும்படி என் பக்கத்துக் கதவோரம், தரையில் தகடு முடுக்கிப் பட்டையால் கட்டினோம். எனக்குக் கால் நீட்ட இடமில்லாமல் போனது. பாபு எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார், அரைமனசாக.

அந்த வருஷமே அதற்கு வேலை வந்தது. சயனைட் மேட்டைச் சுற்றி ஓடும் பந்தயம். இரண்டாவது சுற்றில் பெட்ரோல் குழாய் கழன்று, பானெட்டின் இடுக்கிலிருந்து தீ எட்டிப் பார்த்தது. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். என் பெல்ட் கழலவில்லை. அவர் சுற்றி ஓடி வந்து, கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பெல்ட்டோடு மல்லுக்கட்டினார். முகத்தில் வெப்பம் அடித்தது. என் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு அக்கா சொன்னார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. எங்கள் சோதனை நடந்த அன்று அவர் அங்கே இல்லை. அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அக்காவின் கையிடுக்கில் குனிந்து உருளையை உருவினார். அதைக் கவிழ்க்க அவர் மணிக்கட்டு திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். குழாய் ஆடி அவர் கையில் தட்டியது. கை நின்றது. குழாயைப் பிடித்தார், சிவப்புத் துணியை இழுத்தார், அடித்தார். உலகமே வெள்ளையாகிவிட்டது. இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தேன்.

அக்கா என்னைத் தடவிப் பார்த்து, முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவரிடம் போனார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நைனா, மொதல்ல அத்த கவுக்கலாம்னு பாத்திங்க இல்ல?"

"ஆமாம்மா. கொழா வுடல."

அப்புறம்தான் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் கார் ஓட்டுவதை விட்ட பிறகு அந்த உருளையைத் தன் வீட்டு வெளிச்சுவரில் மாட்டி வைத்திருந்தார். அன்று காலை ஓடிப்போய் அவர் வாசலில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டதும் அதுதான். என்னோடு ஓடி வந்தவர்கள் எல்லோருடைய கையும் வெறுங்கையாக இருந்தது. நின்றுபோன நெஞ்சுக்கு எடுத்துக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. எங்கள் பௌத்த வழக்கப்படி அக்காவுக்காகப் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிப் பஞ்சசீலம் சொல்லும்போதும் எனக்கு அதுதான் ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

உருளையை பாபு எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார், புதிதாக நிரப்பி. வாசலுக்கு வெளியேதான் மாட்டியிருக்கிறோம். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுவும், இதைப் பற்றி அவர் சொன்ன ஒரு பேச்சும். வெளியே தொங்கவிட்டால் எவனாவது திருடிக்கொண்டு ஓடிவிட மாட்டானா என்று ஒருமுறை அவரைக் கேட்டேன்.

"அத்தத் தூக்கிகினு எவனாவது ஓடறான்னா, எங்கியோ எரியுதுன்னு அர்த்தம். திருடன்னு கத்தாத. நீயும் கூட ஓடு."