அகதி என்று சொன்னது இன்பமேரிதான்

உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இன்பமேரி முப்பத்தோரு வருஷமாகக் காய் எடுக்கிறாள். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் தோட்டத்துச் சின்னக் கோயிலில் பிடியரிசி அவள் பொறுப்பு. உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை செபத்துக்கு வரும்போது கோயில் பானையில் கொண்டுவந்து போடுவார்கள். படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கும் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கும் அது போகும்.

"ஏட்டி செபமாலை, ஒன் கை என்ன கோழிக்கால் மாதிரி சுருங்கிட்டு?" என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிடுவாள். செபமாலையம்மாள் கோபித்துக்கொண்டு போய் அடுத்த வாரம் இரண்டு பிடி கொண்டுவருவாள்.

அந்தப் பானைச் சோற்றில்தான் யசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். மன்னார்க்காரி. அவள் புருஷனைக் கூட்டிப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. கேட்கப் போனவளையும் மிரட்டினார்கள். ஆறு வயது மகள் டில்ஷியோடு படகேறி வந்தவள், முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, காய் எடுக்கும் ஆட்களோடு ஜீப்பில் மலைக்கு வந்துசேர்ந்தாள். மூன்றாம் வாரம் காய்ச்சல் அடித்துப்போட்டது. கூட வந்தவர்கள் இறங்கிப்போனார்கள். கோயில் பின்னறையில் பாய் விரித்து, பெண்கள் முறைவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள்.

உடம்பு தேறியதும் பேச்சு கிளம்பியது. போலீஸ் வந்தால்? தோட்டத்து ஐயா கேட்டால்?

"பேசாம ஒளிச்சு வச்சிருவோம்" என்றாள் செபமாலையம்மாள்.

"ஒளிச்சு வைக்க இவ என்ன திருட்டுக் காயா?" என்றாள் இன்பமேரி.

மறைமாவட்டத்து வக்கீல் சோனாவும் ஃபோனில் அதையேதான் சொன்னாள். முகாமை விட்டு வந்ததை மறைக்கக் கூடாது, நேரே போய்ச் சொல்லி, தங்குவதற்கு மனுக் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வியாழக்கிழமை நானே வர்றேன், அதுவரைக்கும் பொறுங்க."

இன்பமேரிக்குப் பொறுக்கிற பழக்கம் கிடையாது. மறுநாளே உபதேசியார் மிக்கேல்ராஜை இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். மலையாளத்து அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"இவ அகதி, சார். அகதி. பச்சப்பிள்ளையோட வந்த அகதி."

மூன்று தரம் சொன்னாள். அவர் முகம் இளகி எழுதிக்கொண்டார். இன்பமேரி தலைநிமிர்ந்து திரும்பினாள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. மிக்கேல்ராஜ் மலையாளத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அகதி... மந்திரம்..."

"மந்திரமா? நம்ம என்ன மந்திரவாதிகிட்டயா போனோம்?"

"மந்திரம்னா வீடுக்கா. யாருமில்லாதவங்களைச் சேர்க்கிற இடம்." அவர் குரல் இறங்கியது. "யசிந்தாவை அங்க கொண்டுபோறாங்களாம். அங்க பெரியவங்க மட்டுந்தான். பிள்ளையை வேற ஊர்ல பிள்ளைகள் இல்லத்துக்காம். புதன்கிழமை வண்டி வருது."

யசிந்தா அழவில்லை. மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, கடல்ல இவளை என்ர இடுப்போட சீலையால கட்டித்தான் கொண்டு வந்தனான். இப்ப கரையில வச்சு அவிழ்க்கச் சொல்லுகினமே."

சோனா ஃபோனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "மலையாளத்துல அகதின்னா நாதியத்தவங்க, அக்கா. நாம அகதின்னு சொல்றவங்களை அவங்க அபயார்த்திம்பாங்க. நாளைக்கே போயிருங்க. நானும் நேரா அங்க வந்துடறேன்."

அன்று சாயங்காலமே இன்பமேரி வீடு வீடாகப் போய் ஆள் கூட்டினாள். அந்தப் பிள்ளைக்குக் குழி வெட்டியது தன் வாய்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை யசிந்தாவையும் பிள்ளையையும் மிக்கேல்ராஜையும் கூட்டிக்கொண்டு பதினான்கு பெண்கள் வேலைக்குப் போகாமல் ஜீப்பில் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு இன்பமேரி சொல்லிப் பார்த்தாள். அபயாத்தி. அபாத்தி. அபயார்த்தி.

ஆபீசில் இவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அதிகாரி எழுந்தேவிட்டார்.

"தப்பு என்னோடது, சார். இவ எங்க பாசையில அகதி. ஒங்க பாசையில அபயார்த்தி. நாதியத்தவ இல்ல."

"ஆரும் இல்லா என்னல்லே அம்மச்சி பறஞ்ஞது?" அவள் சொன்னதையே அவர் திருப்பிக் கேட்டார்.

"இல்ல சார். இந்தா நிக்கோம்லா?"

சோனா முகாம் காகிதத்தையும் மனுவையும் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். தாயும் பிள்ளையும் பிரியாமல் இருக்க, யாராவது பொறுப்பேற்க வேண்டும். இன்பமேரியின் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன பந்தம்? சொந்தமா?"

மிக்கேல்ராஜ் காதோரம் முணுமுணுத்தார், "சின்னம்மா மகள்னு சொல்லிருங்கக்கா, முடிஞ்சுபோகும்."

"நீரு சும்மா இரும். இன்னைக்குப் பொய் சொன்னா நாளைக்கு அது இவ தலையிலல்லா விழும்?" அதிகாரி பக்கம் திரும்பினாள். "சொந்தம் இல்ல, சார். போன சித்திரை வரைக்கும் மூஞ்சியே தெரியாது. ஆனா இவளுக்கு நாப்பத்தி மூணு வீட்டுல உலை கொதிக்கு. அதை எழுத ஒங்க பேப்பர்ல எடம் இருந்தா எழுதுங்க."

அவர் அந்தக் கட்டத்தில் எழுதினார்.

"என்ன எழுதினீய?"

"இடவக. நிங்ஙளோட சபை."

திங்கட்கிழமை வந்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தங்கும் மனு மேலே போகும், முடிவு வரும்வரை மாதம் ஒருமுறை யசிந்தா வந்து முகம் காட்ட வேண்டும் என்றார்.

"நாங்களும் வரலாம்லா?"

"எல்லாரும் வேண்டா அம்மச்சி. இவிடெ கசேர இல்லா." கிடந்த இரண்டு நாற்காலியையும் காட்டினார்.

செபமாலையம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

திரும்பும் ஜீப்பில் டில்ஷி இன்பமேரியின் மடியில் இருந்தாள். "பெரியம்மா, இனி எங்களைக் கொண்டுபோக மாட்டினமோ?"

மாட்டார்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்ததை இன்பமேரி விழுங்கினாள்.

"அது எனக்குத் தெரியாது, தாயி. நாளைக்கு வண்டி வராது. நீயும் அம்மையும் ஒண்ணாத்தான் இருப்பிய. மத்ததுக்கு, அவங்க கேக்குற வரைக்கும் போய்க் கேட்டுக்கிட்டே இருப்போம்."

பிள்ளை யோசித்தாள். அப்புறம் நெளிந்தாள். "உங்கட மடி எலும்பு குத்துது" என்று எழுந்து, எதிரே இருந்த செபமாலையம்மாளின் அகன்ற மடிக்கு மாறி, இரண்டு வளைவு தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

"பாத்தியளா, யாருட்ட வருதுன்னு?" என்றாள் செபமாலையம்மாள்.

"அசையாம இரு ஏட்டி, முழிச்சிராம" என்றாள் இன்பமேரி.