போலே தாஹான்

மச்சான் செகண்ட் ஹேண்ட்ல மீன் பிடிக்கிற போட்டு ஒண்ணு வாங்கியிருக்கான். அதை ட்ரெய்லர்ல இழுக்க, காருக்குப் பின்னால மாட்டுற இரும்பு உருண்டை வாங்க இன்னிக்கு கோலா சிலாங்கூர்ல ஒரு கடைக்குப் போனோம்.

அவன் எடுத்தது ட்ரெய்லர் வாய்க்கு ஒரு சைஸ் சின்னது.

"போலே தாஹான் லா, தாங்கும்"னான்.

கல்லாவுல இருந்த அக்கா நிமிர்ந்தாங்க. "எந்த ரோட்டுல இழுத்துட்டுப் போவீங்க தம்பி?"

"சுங்கை பெசார் ரோடுக்கா."

"எங்க வீட்டுக்காரரு அந்த ரோட்டுலதான் மோட்டார் சைக்கிள்ல போனாரு. முன்னால ஒரு கார் இழுத்துட்டுப் போன போட்டு, ட்ரெய்லரோட கழண்டு வந்து அடிச்சிருச்சு. அங்கேயே போயிட்டாரு. இழுத்தவனும் போலே தாஹான்னுதான் மாட்டினானாம்."

மச்சான் எடுத்ததைத் திரும்ப வச்சிட்டு, சரியான சைஸ் உருண்டை எடுத்தான். உருண்டை கழண்டாலும் ட்ரெய்லரைப் பிடிச்சுக்க ஒரு செயினும் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து உருண்டையைக் கார்ல மாட்டி, அதுக்கு சந்தனம், குங்குமம் வச்சான். போய்ப் பார்த்தா, செயின் மாட்டுற ஓட்டையில எலுமிச்சம்பழம் தொங்குது. செயின் பிளாஸ்டிக் பையிலயே கிடக்குது.

"டேய், செயின் எங்கடா?"

"அதான் பழம் கட்டியிருக்கேன்ல. போலே தாஹான் லா."

கார் சாவி இப்ப என் பாக்கெட்ல.

சுங்கை பெசார் ரோட்டுல மோட்டார்ல போறவங்க கீழே கமெண்ட்ல பேரை எழுதிட்டுப் போங்க. யாரையெல்லாம் கொல்லப் பார்த்தான்னு அவனும் படிக்கட்டும்.