யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி

வெர்மாண்ட் என்பது அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள ஒரு சிறிய மாநிலம். நான் அங்கே போனதில்லை. ஆனால் அங்குள்ள கல்லறைத் தோட்டங்களில் எந்த ஊரில், எந்த வரிசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். அந்த மாநிலத்தில் புதைக்கப்பட்ட குறிப்பிடத்தக்க மனிதர்களின் பட்டியலை அங்குள்ள ஒரு நிறுவனத்துக்காக இணையம் வழியாகச் சரிபார்ப்பது என் வேலை. மூன்று வருடமாகக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அதைச் செய்கிறேன்.

பட்டியலில் பழைய ஆளுநர்கள் இருக்கிறார்கள். புது ஆப்பிள் ரகம் ஒன்றை விதையிலிருந்து வளர்த்து உண்டாக்கியவர் இருக்கிறார். நாற்பது வருடம் ஒரே பள்ளியில் மணியடித்த பெண்மணி இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பதினொரு கட்டங்கள். பத்தாவது கட்டத்தின் தலைப்பு ‘கல் மட்டும்’. சிலருக்கு ஓரிடத்தில் கல் நட்டிருப்பார்கள், உடல் வேறெங்கோ இருக்கும். பழைய புகைப்படத்தையும் அங்கிருந்து எடுத்து அனுப்பும் புதிய புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் தெரியும் கோபுரம், மலை, மதில் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பனிக்காலத்தில் அங்கே கற்களெல்லாம் மூடிக்கிடக்கும், புதுப் படம் வராது. அந்த மாதங்களில் எனக்கு வேலை குறைவு.

குறிப்பிடத்தக்கவர் என்று ஒருவரைச் சேர்க்க ஒரு விதி உண்டு. உறவினர் அல்லாத ஒருவராவது அவரை நினைவுகூர்ந்திருக்க வேண்டும். மகன் எழுதிய இரங்கல் குறிப்பு செல்லாது. மனைவி கல்லில் பொறித்த புகழுரை செல்லாது. வெளியாள் சொன்னால்தான் செல்லும்.

இந்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவியான அத்தை ஒருநாள் தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏத்தா, அங்கன எவனாச்சும் செத்தாத்தான் ஒனக்கு வேலையாமே?”

“இல்ல அத்தை. எல்லாம் பழைய ஆளுகதான்.”

“அப்பச் சரி. செத்தவுகளுக்கு என்ன அவசரம், மெதுவாச் செய்யி.”

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மா அவரை மதினி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை, அவ்வளவுதான். அப்படிக் கூப்பிடுவதும் நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. திருவிழாவில் மாதா சொரூபத்துக்கு முதல் மாலை யார் போடுவது என்பதில் இருவருக்கும் தகராறு. அதன்பிறகு, ஒரே அறையில் இருந்தாலும் மூன்றாவது ஆள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அம்மா அங்கன்வாடி டீச்சர். அம்மாவின் அப்பா ஜீப் ஓட்டுநர். எங்கள் பக்கத்துப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவின் ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். எனக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். மாமா திருப்பூரில் இருக்கிறார். அடுத்த வருடம் வந்து கல் வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். அதனால் தாத்தாவின் குழிக்குப் பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை. “வேப்பமரத்துல இருந்து மூணாவது” என்பதுதான் அடையாளம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்தில் கல்யாணமான பெண் தன் புருஷன் வீட்டுக் கல்லறையில்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்பா வீட்டு ஆட்களின் கல்லறைகள் தோட்டத்தின் மறுகோடியில் இருக்கின்றன. அதனால் அம்மா அன்றைக்கு விடியற்காலையிலேயே என்னையும் அழைத்துக்கொண்டு, சின்னமனூரிலிருந்து வாங்கிவைத்த சம்பங்கியோடு தாத்தாவிடம் போய்விடுவார். பத்தொன்பது வருடம் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

போகும்போதெல்லாம் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்கெனவே எரிந்து முடிந்திருக்கும். மண்ணில் மெழுகு உருகி உறைந்து கிடக்கும்.

“இந்தா பாரு,” என்பார் அம்மா, “நேத்துச் சாயங்காலமே யாரோ வச்சிட்டுப் போயிருக்காக. ஜீப்புல போனவுக யாராச்சுமாத்தான் இருக்கும். ஒங்க தாத்தாவ மறக்கல, பாத்தியா?”

வருடத்தில் அந்த ஒரு நாள் அம்மாவின் நடையே மாறிவிடும். என் வேலையின் விதியை அவரிடம் சொன்னபோது ஒரு நொடிகூட யோசிக்காமல், “அப்ப ஒங்க தாத்தாவும் அந்த லிஸ்ட்டுல வருவாரு” என்றார்.

போன வருடம் கோடையில் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினார்கள். உள்ளே இடம் போதவில்லை. பழைய குழிகளில் குடும்பத்தார் உரிமை சொல்பவற்றை மட்டும் விட்டுவிட்டு, யாரும் கேட்காதவற்றைத் திருநாள் முடிந்ததும் புது அடக்கங்களுக்குத் தோண்டுவது என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “அமெரிக்காவுக்கே செய்யற. நமக்குச் செய்ய மாட்டியா?” என்றார்.

எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து தங்கள் குழிகளைக் காட்டினார்கள். நான் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதிய ஓட்டுத்துண்டு ஒன்றைச் செருகினேன். அம்மா காட்டியது அறுபத்தொன்று. அதன் தலைமாட்டில் ஒரு கருங்கல் பாதி புதைந்திருந்தது. அம்மா வருடா வருடம் கழுவிப் பூ வைக்கும் கல். அதற்கு அடுத்த குழியில் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. ஐந்து ஞாயிறு ஆகியும் அதைக் கேட்டு யாரும் வரவில்லை. ‘அறுபத்திரண்டு: கேட்பார் இல்லை’ என்று தட்டச்சு செய்தேன்.

ஆறாவது ஞாயிறு பாடகர் குழு அத்தை வந்தார். நேராக நடந்துபோய் அறுபத்தொன்றின் பக்கத்தில் நின்றார்.

“இது எங்க மாமியா.”

“அத்தை, இது எங்க தாத்தா.”

“யாரு சொன்னா? இந்தா இருக்குல்ல கல்லு, இது என்னன்னு நெனைச்ச? எங்க மாமியாளோட குழவி. அது அரைச்ச குழவியவே அதுக்குத் தலைமாட்டுல நட்டுவச்சாரு எங்க வீட்டுக்காரரு. இந்தக் குழவியத் தூக்கிட்டுத்தான் என்னைய எறிய வந்துச்சு. எனக்குத் தெரியாதா இது?”

குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். குழவிதான். ஒரு முனை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“அத்தை, நீங்க இங்க எப்ப வருவீங்க?”

“மொத நாள் சாயங்காலம் வந்து மெழுகுவத்தி வைப்பேன். மறுநா மந்திரிப்புல பாட்டுப் பாடவே நேரம் சரியாப் போகும். எங்க வீட்டுக்காரரு ஏலத் தோட்டத்துல இருந்து வர மாட்டாரு. வேற யாரு வைப்பா?”

பட்டியலில் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் தாத்தாவின் அடக்கத்தன்று எடுத்த படம் இருந்தது: குழியைச் சுற்றி ஆட்கள், பின்னால் தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவை. மறுநாள் கைப்பேசியோடு போய் ஒவ்வொரு குழியின் கால்மாட்டிலும் நின்று படம் எடுத்தேன். அறுபத்தொன்றில் நின்றால் சிலுவை இடப்பக்கம் ஒதுங்கியது. அறுபத்திரண்டில் நின்றபோது பழைய படத்தில் இருந்தபடியே நேர் பின்னால் வந்து நின்றது. பழைய வேப்பமரம் தாத்தாவை அடக்கம் செய்த சில மாதங்களிலேயே ஒரு புயலில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதன் வேரிலிருந்து தள்ளி முளைத்தது. அம்மா புது மரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் இருந்தால் தாத்தாவின் குழியைத் தோண்டிவிடுவார்கள். சொன்னால் அம்மாவுக்கு அந்த மெழுகுவர்த்தி போய்விடும். குழியை மட்டும் மாற்றி எழுதிவிட்டு மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசாமல் விடலாமா என்றும் யோசித்தேன். அம்மா கேட்காமல் இருப்பாரா?

இரண்டு நாள் கழித்து அம்மா அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் இரண்டு படங்களையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். மரத்தைப் பற்றிச் சொன்னேன். குழவியைப் பற்றிச் சொன்னேன். அம்மா படங்களை வெகுநேரம் பார்த்தார். குழி மாறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப அந்த மெழுகுவத்தி?”

“அத்தை வச்சதும்மா. அவங்க மாமியாருக்கு.”

மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார். பருப்பு தொலியோடு போய் விழுந்தது, தொலி பருப்போடு விழுந்தது. நான் பிரித்து வைத்தேன்.

“அப்ப யாருமே வரல,” என்றார். தொலியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, “லிஸ்ட்ட மாத்திரு. அறுபத்திரண்டுன்னு போடு,” என்றார்.

அந்தத் திருநாளுக்கு முன்பே ஒருநாள் இருவருமாகப் போய் நெருஞ்சியை வெட்டி மண் அணைத்தோம். திருநாளன்று காலையில் வழக்கம்போலக் கிளம்பினார். ஆனால் சம்பங்கியை இரண்டாகப் பிரித்து இரண்டு பொட்டலமாகக் கட்டியிருந்தார். ஒன்றைத் தாத்தாவுக்கு வைத்தார். இன்னொன்றைக் குழவிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, “பத்தொம்பது வருசம் போட்டாச்சு, திடுதிப்புன்னு நிறுத்துனா நல்லாருக்காது,” என்றார்.

சாயங்காலம் மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலையும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அறுபத்தொன்றுக்கு நடந்தார். முதல் நாள் மழை என்பதால் மெழுகுவர்த்தியை அன்றைக்குத்தான் ஏற்றிவிட்டு, அத்தை பாடகர் குழுவின் வெள்ளைச் சேலையில் குழவியைப் பார்த்தபடி நின்றிருந்தார். மூன்றாவது ஆளாக நான் இருந்தேன். அம்மா என்னைப் பயன்படுத்தவில்லை.

“மதினி, இத்தன வருசமா இந்தப் பூவ வச்சது நாந்தான். எங்க அய்யான்னு நெனைச்சு வச்சேன்.”

அத்தை திரும்பிப் பார்த்தார்.

“நீயா டீச்சரு? அடக் கொடுமையே! இந்தக் கெழவிக்கு யாரு இம்புட்டுச் சம்பங்கி போடுறாகன்னு வருசா வருசம் மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தேன். உசுரோட இருக்கையில அதுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் குடுக்க நாதியில்ல. சரி, ஊருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கும் போல, நாமதான் தப்பா நெனைச்சுட்டமோன்னு…” குனிந்து குழவியைத் தொட்டார். “நாலஞ்சு வருசமா அதத் திட்டுறதக்கூட விட்டுட்டேன், தெரியுமா?”

அம்மா சிரித்துவிட்டார். அத்தைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்ப ஒங்க அய்யா எங்கன?”

அம்மா பக்கத்துக் குழியைக் காட்டினார்.

“ஜீப்புக்காரரு இங்கனயா கெடக்காரு!” அத்தை இரண்டடி தள்ளிப் போய் நின்றார். “நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு வருசம் அவரு வண்டியிலதான ஏலக்காய் எடுக்கப் போனேன். சாயங்காலம் பேரு வாசிச்சுத்தான் ஏத்துவாரு. ஒருநா எம் பேருக்கு எவளோ ஆமான்னுட்டா. நான் மேல தோட்டத்துலயே நிக்கேன். மெட்டு வரைக்கும் வந்த மனுசன், தல எண்ணிப் பாத்து, ஒண்ணு கொறையுதுன்னு திரும்ப வந்தாரு. ஏசிக்கிட்டேதான் ஏத்துனாரு. ஆனா வந்தாருல்ல?”

இதை அம்மா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அத்தை பையைத் துழாவினார். மெழுகுவர்த்தி தீர்ந்திருந்தது. குழவியின் முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கைமறைத்துப் பிடுங்கினார். “ஒங்களுக்கு டீச்சரு நெறையப் பூப் போட்டுருச்சு அத்த, இத விட்டுக்குடுங்க,” என்று மாமியாரிடம் சொல்லி அறுபத்திரண்டின் தலைமாட்டில் ஊன்றினார். சாய்ந்தது. ஏசிக்கொண்டே மறுபடி ஊன்றி, சுற்றி மண்ணை அணைத்தார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் கேட்டைத் தாண்டும் வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காதருகில் குனிந்தார்.

“மதினி நமக்கு ஒறவு இல்லல்ல?”

“இல்லம்மா,” என்றேன். “செல்லும்.”