பூஜையில் வைத்த கணினி

மீன் தொட்ட கை என்று ஒரு பெண்ணைச் சொன்னேன். சொன்ன நாள் சரஸ்வதி பூஜை. இடம் என் வீட்டுக் கூடம். கேட்டவர்கள் என்னோடு பஜனை பாடும் ஆறு பேர். இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு இதுவரை முதுமையைக் காரணம் காட்டி வந்தேன். அது உண்மையன்று.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது இது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில், கேபிள்காரர் ஒரே இணைய வயரை மாடிக்கு மாடி இழுத்து எல்லா வீட்டுக் கணினிகளையும் இணைத்திருந்தார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், பக்திப் பாசுரங்களுக்கு உரை எழுதிக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதில் தமிழ் எழுத்துருவைப் போட்டுத் தந்தவள் மேல்மாடிப் பெண். மூன்று தலைமுறையாக அந்த ஊரில் வாழும், மீன் உண்ணும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. ஜாதவ்பூரில் கணினி படித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் மனைவி காலமான பிறகு, கதவைத் தட்டாமல் என் வீட்டுக்குள் வரும் உரிமை அவள் ஒருத்திக்கே இருந்தது.

மகாளயத்துக்கு மறுநாள் ஒரு குறுந்தகட்டோடு வந்தாள்.

“மாமா, உங்க சிஸ்டத்துல ஒரு ஃபுட்டோ இருக்கு. ஓட்டை. எங்கயோ இருக்கறவன் வயர் வழியா ஒரு மெசேஜ் அனுப்பினா, உங்க மெஷின் அதை ஆர்டர்னு எடுத்துக்கிட்டு அவன் சொன்னதையெல்லாம் செய்யும்.”

“நான் எதையும் திறக்கலையே அம்மா.”

“நீங்க திறக்கவே வேணாம். மெஷின் ஆன்ல இருந்து, வயரும் மாட்டியிருந்தா போதும். இந்த பேட்ச் போட்டா ஓட்டை அடைஞ்சுடும். பத்து நிமிஷ வேலை.”

“கூப்பிடாம உள்ள வர்றவன் பகவான் ஒருத்தன்தான்” என்று சிரித்தேன். நவராத்திரி முடியட்டும், நடுவில் புதிதாக எதையும் செய்ய வேண்டாம் என்றேன்.

“அப்போ அதுவரைக்கும் வயரையாவது கழட்டி வைங்க” என்று சொல்லிப் போனாள். நான் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவள் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

நவமியன்று புத்தகங்களோடும் ஆர்மோனியப் பெட்டியோடும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் இட்டேன். திரையில் கலைமகள் படம் தெரியவேண்டும் என்பதற்காக அதை அணைக்காமலே விட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

தெருவின் துர்க்கா பூஜைப் பந்தலில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்போடு அவள் வந்தாள். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. “ஐயோ மாமா, வயர் அப்படியே இருக்கே” என்று குனிந்து கணினிக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

“மீன் தொட்ட கையால பூஜையில வெச்சதைத் தொடாதே.”

பஜனைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஒரு கணம் அந்தக் கையைத் தானே பார்த்தாள். சந்தேஷ் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடியார்களின் பிறப்பை இறைவன் கேட்பதில்லை என்று சொல்லும் பாசுரத்தை அன்று காலைதான் கண்ணீர் மல்கப் பாடியிருந்தேன்.

தசமி காலை பூக்களை எடுத்தபோது திரையில் ஒரு சிறு கட்டம் நின்றது. ஒரு நிமிடத்தில் கணினி அணைந்துவிடும் என்று அது நொடிகளை எண்ணியது. அணைந்தது. தானே உயிர்பெற்று மறுபடியும் எண்ணத் தொடங்கியது. மாடிப்படியில் கேபிள்காரரைக் கண்டதும், “மேல்மாடிப் பெண் நேற்று எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டாள்” என்றேன். முதல் நாள் சொன்னதற்காவது ஆத்திரம் காரணம். இதற்கு அதுவும் இல்லை.

அவர் வங்காள மொழியில் சொன்னதன் பொருள் இது: “மேஷோமஷாய், ஏழு வீட்டுல இதே கதைதான். நோய் கிளம்பினது உங்க வீட்டுலேர்ந்து. அந்த மேல்மாடி தீதிதான் காலையிலேர்ந்து வீடு வீடா உக்காந்து சரி பண்றாங்க.”

துர்க்கையை வழியனுப்ப ஊரே பந்தலில் கூடும் நாள் அது. முதல் நாள் அந்தக் கை வயரைப் பிடுங்கியிருந்தால் அவளும் பந்தலில் இருந்திருப்பாள்.

மாலையில் கடைசி வீடாக என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்று குறுந்தகட்டை நீட்டினாள்.

“உள்ள வாம்மா.”

“இல்ல மாமா. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. முதல்ல வயரைக் கழட்டுங்க.”

பத்து நிமிட வேலை முக்கால் மணி ஆயிற்று. என் விரல்கள் தடுமாறின. திரையில் தெரிவதை நான் உரக்க வாசிக்க, அடுத்தது என்ன என்று அவள் படிக்கு வெளியிலிருந்தே சொன்னாள். தெருவில் துர்க்கை ஊர்வலத்தின் டாக் மேள முழக்கம் நெருங்கி வந்து, கடந்து போயிற்று. ஒருவழியாக அந்தக் கட்டம் திரும்ப வரவில்லை.

“நேத்து நான் சொன்னது…” என்று தொடங்கினேன்.

“கை கழுவாம வந்துட்டேன் மாமா. அதான் உள்ள வரல” என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

அவர்கள் வீடு மாறிப்போகும் வரை ஒவ்வொரு பேட்சுக்கும் தவறாமல் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். பின்னர் உரையை எழுதி முடித்தேன். பிறப்பைக் கேளாத இறைவனைப் பாடும் அந்த ஒரு பாசுரத்துக்கு மட்டும் உரை எழுதவில்லை.