கண்டகிப் பாலத்தில் ஒரு ஹெட்கவுண்ட்

1. முப்பத்தொன்பது

டூர் மேனேஜர் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ஹெட்கவுண்ட், அதாவது ஆள் கணக்கு, குறைவது. சிதம்பரத்திலிருந்து நாற்பது பேரை நேபாளத்தில் உயரமான மலைமேல் இருக்கும் முக்திநாத் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். வழியில், கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கும் நடைபாலத்துக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். அரை மணி கழித்து எண்ணினால் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தொன்பது.

காணாமல் போயிருந்தவர் கலியபெருமாள். கடலூர் பக்கத்து மீனவ கிராமத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். அவருடைய மச்சான் முருகன் பஸ் ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"மாமாவா? பாலத்துல என்னமோ வேண்டுதல் நடக்குதுன்னு போனாரு சார்."

"என்ன வேண்டுதல்?"

"அதான், காலைக் கட்டிக்கினு தலைகீழா குதிக்கிறாங்களே. நம்மூரு தீமிதி மாதிரி."

அந்த நேரம் பாலத்தின் நடுவிலிருந்து ஒருவர் பாய்ந்தார். ரப்பர் கயிறு அவரைச் சுண்டி மேலே இழுத்து, மறுபடி கீழே விட்டது. பஸ்ஸிலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பங்கி ஜம்ப், வெறும் விளையாட்டு என்று விளக்க எனக்கு நேரமில்லை.

2. பெல்ட்

எனக்கு உயரம் ஆகாது. பதினெட்டு வருட சர்வீஸில் ரோப் கார், தொங்குபாலம் எதிலும் கால் வைத்ததில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் லக்கேஜைப் பாத்துக்கறேன்" என்பேன். அதைக் கடமையுணர்ச்சி என்று பாராட்டிப் பலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று தப்பிக்க வழியில்லை. பாலத்தின் தரை வெறும் கம்பி வலை. அதற்குக் கீழே, எங்கோ பாதாளத்தில், ஆறு சாம்பல் நூலாகத் தெரிந்தது. கைப்பிடியை விடாமல் நகர்ந்து நகர்ந்து நடுவிலிருந்த மேடைக்குப் போனேன்.

கலியபெருமாள் இடுப்பில் பெல்ட், காலில் கயிறு, புறங்கையில் மார்க்கரால் எழுதிய எடையோடு நின்றிருந்தார். அங்கிருந்த ஊழியர் என்னைப் பார்த்ததும், "இவருக்கு இந்தி புரியவில்லை. நாங்கள் கேட்பதை நீங்கள் கூட இருந்து மொழிபெயர்த்தால்தான் குதிக்க விடுவோம்" என்றார் இந்தியில்.

"அண்ணே, இது சாமி காரியம் இல்ல. வெறும் விளையாட்டு. வந்துடுங்க."

"அது இங்க வந்ததுமே தெரிஞ்சிபோச்சி சார். மச்சாங்கிட்ட குதிக்கிறேன்னு சொல்லிட்டனே. இப்ப திரும்பிப் போனா ஊர்ல ஒருத்தன் மதிப்பானா?"

ஹார்ட் உண்டா, பிரஷர் உண்டா என்று அவர்கள் கேட்டதை எல்லாம் மொழிபெயர்த்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஊழியர் "த்ரீ, டூ, ஒன்" என்று எண்ணினார். கலியபெருமாள் அசையவில்லை. இன்னொரு தரம் எண்ணினார். அப்போதும் அசையவில்லை.

"பயமா இருக்காண்ணே?"

"நான் ரெடி சார். நீங்க மொதல்ல என் பெல்ட்ட உடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கையும் அவர் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. எப்போது பிடித்தேனோ தெரியாது. விட நினைத்தாலும் விரல்கள் கேட்கவில்லை. இரண்டு ஊழியர்கள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த நிமிடம் "ஆத்தாடீ!" என்ற சத்தம் மட்டும் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

3. மைக்

அவரை மேலே இழுத்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மீன்புடி போட்டுலேருந்து கடல்ல எத்தினி தபா உழுந்திருக்கேன். இதுல நனையவே இல்லியே சார்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பாலம் ஆடுனா எதுத்து நிக்காதீங்க. போட்டு மாதிரிதான். அது ஆடுற பக்கம் ஒடம்பக் குடுத்துடணும்."

என் கையைத் தன் தோளில் வைத்து நடத்திக்கொண்டு வந்தார். கரையில் நின்ற முருகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, குதிச்சது நீயா, சாரா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். பஸ் கிளம்பியதும் மைக்கை எடுத்து, லக்கேஜ் காவலின் ரகசியம் முழுவதையும் ஒப்புக்கொண்டேன். சிரிப்பு அடங்கிய பிறகு கீரப்பாளையத்துக்காரர் ஒருவர் என் சீட்டுக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, எனக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு. கூட்டிக்கினு போவ மாட்டீங்களோன்னு நீங்க குடுத்த டூர் ஃபார்ம்ல எழுதல. மேல போனா மூச்சு முட்டும்ங்கிறாங்களே?"

அவரை வழியில் ஒரு டாக்டரிடம் காட்டி, டாக்டர் சொன்னபடி கீழேயே ஹோட்டலில் மனைவியோடு தங்க வைத்தேன். அதற்குள் ஆஸ்துமாக்காரர் ஒருவரும் வந்து உண்மையைச் சொன்னார். நாற்பது ஃபார்மையும் எடுத்துப் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் அத்தனை பேரும் "இல்லை" என்றுதான் எழுதியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் ஃபார்ம் கொடுப்பதற்கு முன்னால், எனக்கு உயரம் என்றால் பயம் என்று மைக்கில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகு பேனாவை எடுப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறார்கள்.