பூ வேனின் ஹாரன்

வேலைக்குப் போகுமுன் விடிகாலையில் சித்தையன்கோட்டை சாலையில் சைக்கிள் ஓட்டுவேன். தினமும் ஒரு பூ வேன்காரன் ஹாரனை அலறவிட்டு, என்னை மண்ணில் இறக்கிவிட்டுச் சிரிப்பான். ஒருநாள் விழுந்து முழங்கை தோலுரிந்தது. அன்றே கறுவிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த வேன் பஞ்சராகி நின்றது. மாட்டினாயா மகனே!

“அண்ணே, போன்ல சார்ஜ் இல்ல. ஒரு கால் பண்ணிக்கிறேண்ணே. வெயில் ஏறிட்டா மல்லி மொட்டெல்லாம் விரிஞ்சிரும், சந்தையில ஒருத்தனும் தொடமாட்டான்.”

“போன் கொண்டாரலப்பு” என்றேன். பெடலை மிதிக்க மிதிக்க இனித்தது. பத்தடிகூடப் போகவில்லை, சட்டைப் பையில் போன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் திட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் அந்த வேன் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் ஒதுங்கிப் போகிறது. அந்த ஹாரனே தேவலாம்.