டவர் கிடைக்காத மரம்

சாணார்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, தலையில் சாயம் போன சிவப்புத் துண்டு. யாரிடம் பேசுவதானாலும் முதலில் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். பிறகுதான் நம் முகத்துக்கு இறங்கி வருவார்.

விடுமுறைக்குப் போன நாங்கள் நான்கு பேரும், நிழலுக்கு ஆசைப்பட்டு அங்கிருந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் டென்ட் அடித்தோம். அவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, அந்தக் கொப்பு உளுத்துப் போச்சு. எப்ப வேணாலும் விழும். செத்த தள்ளிப் போட்டுக்கங்க."

"காத்தே இல்லையேண்ணே, எப்படி விழும்?" என்று படித்தவர்களுக்கே உரிய சிரிப்பைச் சிரித்தோம்.

அவர் மல்லுக்கட்டவில்லை. "ஒங்க இஷ்டம். ஆனா இந்த மரத்தடியில டவர் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஐந்தே நிமிடத்தில் டென்ட்டைப் பிடுங்கி வெட்டவெளியில் நட்டோம். போனை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இலைகூட அசையாத நேரத்தில், அந்தக் கொப்பு முறிந்து விழுந்தது. டென்ட் முதலில் இருந்த இடத்திலேயே விழுந்தது. பக்கத்தில் போய் நின்று படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நொடியில் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. சத்தம் கேட்டு வந்திருந்த அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, இங்க டவர் நல்லாத்தானே இருக்கு?"

அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முன்னெல்லாம் முனி இருக்குன்னு சொல்லுவேன் தம்பி. இப்ப வாரவங்க, அதை வீடியோ எடுக்கணும்னு அங்கனயே படுத்துக்கிறாங்க."

இன்றைக்கும் எங்கேயாவது டவர் போய்விட்டால், நான் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.